எத்தனை புளொக் தூரம்?

வழி சொல்லுதல் எளிய காரியம் என்றே பலரும் எண்ணுகின்றனர். வாய் இருக்கிறது, கை இருக்கிறது, ஊரோ நமக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. வேறென்ன வேண்டும்? ஆனால் கேட்பவனிடம் அந்த ஊர் இல்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நம்முடைய கண்ணிலுள்ள ஊரை அவனுடைய காலுக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு இருவருக்கும் பொதுவான ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் எது என்ற வினா, சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நண்பகல் வேளையில், தொலைபேசி வழியாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

கேட்டவள் என் தமக்கையின் மகள். கனடாவிலே பிறந்து, ஸ்காபரோவிலே வளர்ந்து, பல்கலைக்கழகம் புகுந்த பின்னர் முதன்முறையாகத் தாயின் ஊரைப் பார்க்க வந்தவள். மன்னாரில் பஸ் ஏறி, யாழ்ப்பாணம் போகும் வீதியில் எங்கள் விடத்தல்தீவில் தனியாக இறங்கிவிட்டாள்.

"மாமா, பஸ்ஸால் இறங்கிவிட்டேன். இங்கேயிருந்து உங்கள் வீடு எத்தனை புளொக்?"

"நிற்கிற இடத்திலேயே நில், பிள்ளை. தம்பி சைக்கிளில் வருவான்" என்றேன்.

எங்களூரில் வழி சொல்லுதலின் கடைசிப் படி ஆள் அனுப்புதல்தான். பல சமயங்களில் முதற்படியும் அதுவே.

அன்று மாலை முற்றத்து வேம்பின்கீழ் இருந்துகொண்டு, "புளொக் என்றால் எவ்வளவு?" என்று நான் அவளிடம் கேட்டேன். "ஒரு சந்தியிலிருந்து அடுத்த சந்தி வரை" என்றாள். "அது எத்தனை யார்?" என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அது இடத்தைப் பொறுத்தது மாமா" என்றாள். இடத்துக்கு இடம் நீண்டும் குறுகியும் போகும் கோல் என்ன கோல்? துணிக்கடைக்காரன் அப்படியொரு முழக்கோல் வைத்திருந்தால் நாம் விடுவோமா?

ஆயினும் அவள் சொன்னது முற்றும் உண்மை. நியூயோர்க் நகரத்து மன்ஹற்றன் தீவுக்கு 1811ஆம் ஆண்டிலே ஒரு திட்டம் வகுத்தார்கள். வடக்குத் தெற்காக அகன்ற சாலைகள். அவற்றைக் குறுக்கறுத்து எண்ணிட்ட தெருக்கள் 155. தெருக்களைத் தாண்டித் தாண்டி வடக்கே நடந்தால் ஏறக்குறைய 20 புளொக்குக்கு ஒரு மைல் என்பது அந்நகரத்தார் கணக்கு. ஆனால் குறுக்கே திரும்பி, ஒரு சாலையிலிருந்து அடுத்த சாலைக்கு நடந்தாலோ, ஒரே புளொக் மூன்று மடங்குக்குமேல் நீண்டுவிடும். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள போர்ட்லாந்து நகரத்திலே ஒரு புளொக்கின் பக்கம் 200 அடி. சோல்ட் லேக் நகரத்திலே 660 அடி. அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரத்துக்கு 1837இல் ஹொடில் என்னும் நில அளவையாளர் வரைந்த கட்டங்களும் பத்துச் சங்கிலி, அதாவது 660 அடிச் சதுரங்களே. "மூன்று புளொக் நட" என்றால் போர்ட்லாந்துக்காரன் வெற்றிலை மடித்து வாயில் இடுவதற்குள் போய்விடுவான், மற்றவன் வியர்த்துவிடுவான்.

ஸ்காபரோவின் கதை வேறு. காடு வெட்டிக் கமம் செய்ய வந்தவர்களுக்கு நிலத்தைப் பங்கிட அக்காலத்தில் இழுத்த கோடுகளே அங்கே இன்றைய பெருவீதிகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒன்றேகால் மைல். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 2 கிலோமீற்றர். நம்மவர் அங்கே வீட்டு முகவரி சொல்லும்போது இலக்கம் சொல்லுவதில்லை. இந்தப் பெருவீதியும் அந்தப் பெருவீதியும் சந்திக்கும் இடம் என்று இரண்டு பெயர்களைச் சேர்த்துச் சொல்லுகிறார்கள். கூர்ந்து பார்த்தால் அது நம்முடைய "சந்தியடி" அன்றோ? கடல் கடந்து போன பின்னும் நாக்கு ஊரை விடவில்லை.

இனி எங்களூரைச் சொல்லவேண்டும். பெயரில் தீவு இருக்கிறதேயொழிய, விடத்தல்தீவு தீவன்று. மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலக் கரையில், கண்டற் காடும் கடலேரியும் சூழ இருக்கும் மீன்பிடியூர். விடத்தல் என்பது முள்ளுள்ள ஒரு சிறுமரம். அயலிலுள்ள கரையும் காடும் கடலும் 2016ஆம் ஆண்டிலிருந்து இயற்கை ஒதுக்கிடமாக இருக்கின்றன. ஏ 32 என்று இலக்கமிட்ட வீதி பாப்பாமோட்டைப் பக்கமிருந்து வந்து, ஊரைத் தொட்டுக்கொண்டு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில் என்று பூநகரிக்குப் போகிறது. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் அவ்வழியே யாழ்ப்பாணமும் கிட்டவாகிவிட்டது. இவ்வளவும் தேசப்படத்தில் உண்டு. தேசப்படத்தில் இல்லாதவை எங்கள் ஒழுங்கைகள்.

ஒழுங்கை என்பது ஒருவர் கோடு கீறி உண்டாக்கியதன்று. நடந்தவர்களின் காலும், வேலி அடைத்தவர்களின் கையும் வாதாடி முடிவுகண்ட இடமே ஒழுங்கை. ஆதலின் அது நேராக ஓடாது. பனைக்கு விலகும், கிணற்றுக்கு வளையும், ஒருவருடைய வளவுக்குள் புகுவதுபோலப் பாசாங்கு செய்து முடக்கில் திரும்பிவிடும். நாற்புறமும் தெரு சூழ்ந்த சதுரமே புளொக் என்றால், எங்களூரில் ஒரு புளொக்கும் இல்லை. இருப்பது அடி. புளியடி, ஆலடி, கோயிலடி, கிணற்றடி, மில்லடி, மதவடி. மரத்தின் அடி என்ற பொருளில் பிறந்த அச்சொல், மில்லுக்கும் மதகுக்கும் ஆஸ்பத்திரிக்கும்கூட அடி வைத்துக் கொடுத்துவிட்டது. மரத்தின் நிழல் எவ்வளவு விழுமோ அவ்வளவுக்கு அந்தப் பெயர் செல்லும். அப்பால் வேறோர் அடி. யாழ்ப்பாணத்து வேம்படியும் இப்படிப் பிறந்ததே. யப்பான் தேசத்துப் பட்டணங்களில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரில்லை, தெருக்களுக்கு நடுவே கிடக்கும் நிலத்துண்டுக்கே இலக்கம் என்று படித்தபோது எனக்கு வியப்பு உண்டாகவில்லை. நாமும் வழிக்குப் பெயர் வைக்கவில்லை, இடத்துக்கே வைத்தோம்.

தூரத்துக்கோ எங்களிடம் இரண்டு அளவுகள். ஒன்று கூப்பிடு தூரம். பழைய வாய்பாடுகளில் ஐந்நூறு கோல் ஒரு கூப்பீடு, நான்கு கூப்பீடு ஒரு காதம் என்று ஒரு கணக்கு உண்டு. சிங்கள மக்களிடத்திலும், 'ஹூ' என்று கூவினால் கேட்கக்கூடிய தூரம் ஓர் அளவாக வழங்கியது. மனிதக் குரலை அளவாக வைத்த காலம் எவ்வளவு அமைதியான காலமாக இருந்திருக்க வேண்டும்! மற்றது கட்டை. மைலுக்கு ஒரு கல் நட்டு அதனைக் கட்டை என்றார்கள். பிறகு மைலே கட்டையாயிற்று. நாடு கிலோமீற்றருக்கு மாறிப் பல காலமாகியும், கட்டை அசையவில்லை. கண்டி யாழ்ப்பாண வீதியிலே கிளிநொச்சிக்குத் தெற்கே 155ஆம் கட்டை என்றே ஓரிடம் இருக்கிறது. மன்ஹற்றனின் திட்டம் 155ஆம் தெருவோடு முடிந்தது. எங்களுக்கு 155ஆம் கட்டைக்குப் பின்னரே ஊர் தொடங்குகிறது என்று மருமகளிடம் சொன்னேன். அவளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

கடலுக்குப் போகிறவர்களின் வழி இன்னொரு வகை. அங்கே சந்தியுமில்லை, புளியுமில்லை. காற்றின் பெயரே திசையின் பெயர்: வாடை, கொண்டல், சோளகம், கச்சான். கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை, ஒரு பனை வட்டையும் ஒரு கோபுர நுனியையும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வரும்படி தோணியை நிறுத்துவார்கள். பக்கவாட்டில் இன்னும் இரண்டைப் பார்த்தால் இடம் அகப்பட்டுவிடும். நான் கேத்திரகணிதம் கற்பிக்கும் வகுப்பில் இதனைச் சொல்லுவது வழக்கம். இரண்டு நேர்கோடுகள் ஒரு புள்ளியிலேதான் வெட்டும் என்பதை, ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டு வலை இழுக்கப்போன மனிதர் கைக்குள் வைத்திருக்கிறார்.

நம் நாட்டிலும் கோடு போட்ட இடங்கள் இல்லாமலில்லை. கொழும்புப் புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெரு முதல் ஐந்தாம் குறுக்குத் தெரு வரை இருக்கின்றன. பலசரக்குக்கு இன்ன தெரு, துணிக்கு இன்ன தெரு என்று நாட்டின் நாலாபக்கத்துக் கடைக்காரர்களுக்கும் அவை மனப்பாடம். வெள்ளவத்தையில் 37ஆம் லேன், 42ஆம் லேன், 55ஆம் லேன் என்று இலக்கங்கள் உண்டு. ஆயினும் அங்கே வழி சொல்லுபவர் முதலில் சொல்லுவது, காலி வீதிக்குக் கடற்பக்கமா தரைப்பக்கமா என்பதே. இலக்கம் தவறலாம், கடல் இடம் மாறாது. இரணைமடுக் குளத்து நீர் பாயும் உருத்திரபுரத்திலோ எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று தண்ணீரே தெருவுக்கு இலக்கம் கொடுக்கிறது. நெய்வேலி நகரியத்தைச் சதுரம் சதுரமாக வகுத்தவர்கள் ஒவ்வொன்றையும் வட்டம் என்று அழைத்தார்கள். சதுரத்துக்கு வட்டம் என்று பெயர் வைக்கும் துணிவு தமிழனுக்கே உண்டு போலும். நம் புங்குடுதீவாருக்கு வட்டாரம். ஏழாம் வட்டாரத்தைப் பிறப்பிடமாகவும் இன்ன தேசத்தை வதிவிடமாகவும் கொண்டவர் என்று மரண அறிவித்தல்களில் வாசிக்கிறோமே, அந்த இலக்கம் தபாற்காரனுக்காகவா எழுதப்படுகிறது? ஆள் போனபின்னும் அவர் எந்த அடியைச் சேர்ந்தவர் என்று ஊர் அறிய வேண்டும்.

இதிலே ஒரு தொல்லை உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

புளொக் என்பது வெறும் எண்ணிக்கை. தெருவிலுள்ள கட்டடம் இடிந்தாலும், குடியிருந்தவன் போனாலும், நான்காவது சந்தி நான்காவது சந்தியே. அடி அப்படியன்று. அது நிற்கின்ற பொருளைப் பற்றிக்கொண்டு வாழ்கிறது. பொருள் போனால்? எங்களூரில் பொருள்கள் ஒருமுறையல்ல, இருமுறை போயின. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றியபோது, விடத்தல்தீவின் முஸ்லிம் குடும்பங்களும் புத்தளம் கற்பிட்டிப் பக்கத்துக்குப் போயின. அப்போது நான் சிறுவன். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன் ஒருவனுடைய இடம் மறுவாரம் வெறுமையாக இருந்தது. பின்னர் போரின் கடைசி ஆண்டுகளில் மற்றவர்களும் இடம்பெயர்ந்தோம். 2008 ஜூலை 16ஆம் நாள் ஊர் அரச படையினரின் கைக்கு வந்தது. 2009இல் போர் முடிந்து, நாங்கள் திரும்பிவந்தபோது வேலிகள் இல்லை. வேலி இல்லாத இடத்தில் ஒழுங்கையும் இல்லை. பெற்றோர் நின்று, "இதுதான் கிணறு, ஆதலால் அதுதான் படலை, ஆதலால் இது ஒழுங்கை" என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு ஊரைக் கண்டுபிடித்தார்கள்.

மண்ணில் இல்லாத ஊர் வாயில் மட்டும் குறையாமல் இருந்தது. மில் இல்லை, மில்லடி இருந்தது. காக்கா கடை இல்லை. காக்கா கடையடி இருந்தது. அந்தக் கடையில் தோடம்பழ இனிப்பு வாங்கித் தின்றவர்களும், கடையைக் கண்ணால் காணாத பிள்ளைகளும் ஒன்றுபோலவே அப்பெயரைச் சொன்னார்கள். ஒருவரை ஊரைவிட்டு அனுப்பலாம். அவருடைய பெயரை வழியிலிருந்து எடுப்பது அவ்வளவு எளிதன்று என்று எனக்கு அக்காலத்தில் ஒரு பெருமிதங்கூட இருந்தது. அது இன்றும் இருக்கிறது. ஆனால் அதன் விலை என்ன என்பதை ஒரு மாரி இரவு காட்டியது.

எங்கள் ஒழுங்கையிலே ஒரு முதியவருக்கு நெஞ்சு நோ கண்டது. இரவு பதினொரு மணி, நல்ல மழை, மின்சாரமும் நின்றுவிட்டது. பேரன் அவசர ஊர்திக்குத் தொலைபேசியில் அழைத்தான். அழைக்கும் இலக்கம் 1990. 2016இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கி, 2018இல் வடக்குக்கும் வந்த சேவை அது. எங்கள் ஊரார் மறக்க முடியாத ஆண்டே அவசரத்துக்கு அழைக்கும் இலக்கமாக அமைந்தது தற்செயல்தான். எனினும் அந்த இலக்கத்தை அழுத்தும்போது சில முதியவர்களின் விரல் தயங்குவதை நான் கண்டிருக்கிறேன்.

வழி கேட்டார்கள். பையன் சொன்னான்: "மில்லடியால் திரும்பி, காக்கா கடையடி தாண்டி, புளியடிக்குக் கிட்ட." ஊரார் எவரைக் கேட்டாலும் இதையே சொல்லியிருப்பார்கள். இதைவிடத் திருத்தமான வழி எங்கள் ஊரில் இல்லை. ஆனால் மில் மூடி எவ்வளவோ காலம். கடையின் சுவர்கூட மிஞ்சவில்லை. புளி போருக்குப் பின்னர் ஒரு சூறாவளியில் சாய்ந்துவிட்டது. மூன்று அடையாளங்கள் சொன்னான், மூன்றும் இல்லாதவை. அவனுக்கு வயது பதினெட்டு. அவனே கண்டிராத மூன்று பொருள்களைக் கொண்டு, இந்த மாவட்டத்தையே அறியாத ஒரு சாரதிக்கு இருட்டிலே வழி காட்டினான். வண்டி சந்திக்கு விரைவாகத்தான் வந்தது. சாரதி வீடு வீடாகக் கேட்டுப் பார்ப்போம் என்றால், அந்த மழையில் எந்த வீட்டில் விளக்கு? புதிய வீட்டுத் திட்டத்து வீடுகள் யாவும் ஒரே அச்சு, பகலிலேயே மயங்கும். கடைசியில் நான்கு பேர் கைவிளக்கோடு ஓடிப் போய்ப் பிரதான வீதியில் நின்று வண்டியை முன்னே நடத்தி வந்தோம். பெரியவர் பிழைத்தார். ஆனாலும் அந்த இருபது நிமிடமும் அவருடைய மகள் படலையைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலை என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

கைத்தொலைபேசியில் படம் இருக்கிறதே, ஒரு புள்ளியை அனுப்பினால் ஆயிற்றே என்பார் உண்டு. ஆயிற்றுத்தான், பேரன் வீட்டில் இருந்தால். முதியவர்கள் தனித்திருக்கும் வீடுகள் எங்களூரில் பல. அவர்களிடம் இருப்பது பொத்தான் அழுத்தும் சிறு தொலைபேசி. அதில் அனுப்பக்கூடியது வாய்ச்சொல் ஒன்றே.

ஆகவே பத்தாம் வகுப்பிலே ஒரு பயிற்சி கொடுத்தேன். "நேரம் இரவு. மழை பெய்கிறது. வருபவர் ஊருக்குப் புதியவர். உங்கள் ஊரில் எவரையும் அறியார். பிரதான வீதியிலிருந்து உங்கள் வீட்டுக்கு ஐந்து வரியில் வழி எழுதுக." வந்த விடைகளைப் படித்துச் சிரித்தேன். ஒரு பிள்ளை, "எங்கள் நாய் குரைக்கும், அந்த வீடு" என்று எழுதியிருந்தாள். ஒருவன், "அம்மாவின் பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் தெரியும்" என்றான். பலர் நீலப் படலை, பச்சைச் சுவர் என்று நிறம் எழுதினார்கள். இருட்டில் நிறம் ஏது? என் ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் ஒருவர் தவறாமல் மில்லடியை எழுதியிருந்தார்கள்.

ஒரே ஒருவன், மீன் வாடிக்குப் பக்கத்திலிருந்து வருபவன், இப்படி எழுதியிருந்தான்: "சந்தியிலிருந்து கடற்பக்கம் திரும்பி லைற் கம்பங்களை எண்ணி வரவும். ஒன்பதாவது கம்பத்தில் இடப்பக்க ஒழுங்கை. அதில் மூன்றாவது கம்பம் எங்கள் வேலிக்குள் நிற்கிறது." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மின்சாரத்துக்கு நட்ட கம்பம் ஒழுங்கையோடு வளைகிறது. வேலி விழுந்தாலும் நிற்கிறது. வண்டியின் வெளிச்சத்தில் தெரிகிறது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நாற்பது மீற்றருக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கிறது. மன்ஹற்றனிலே திட்டம் வகுத்தவர்கள் செய்ததை, எங்களூரில் கம்பி இழுக்க வந்தவர்கள் தம்மை அறியாமலே செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் அறுவர் வந்தார்கள். முதியவர்கள் தனித்திருக்கும் வீடுகளுக்கு எண்ணிக்கை எடுத்து, பெரிய எழுத்தில் எழுதி, தொலைபேசிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுவது என்று ஏற்பாடு. தாளின் தலைப்பில் மில்லடி, காக்கா கடையடி என்ற பழைய பெயரையும் எழுத வேண்டும் என்றேன். எண் வண்டிக்கு, பெயர் வீட்டுக்கு.

எண்ணத் தொடங்கியதும் சண்டை தொடங்கிவிட்டது. சந்தியில் நிற்கும் கம்பம் ஒன்றா, பூச்சியமா? நம்முடைய வழக்கப்படி தொடங்கும் இடத்தையும் சேர்த்தே எண்ணுவோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் இறந்த நாளைச் சேர்த்தே கணக்கு. ஆனால் புதியவன் அப்படி எண்ணுவானா? நாலாவதும் ஐந்தாவதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பழைய மரக்கம்பத்தைப் பிடுங்காமலே புதிய கொங்கிறீட் கம்பத்தை நட்டிருந்தார்கள். அவை ஒன்றா, இரண்டா? முடக்கிலே கம்பியை இழுத்துப் பிடிக்க ஒரு தாங்கு கம்பம் சாய்ந்து நின்றது. அதற்குக் கணக்கில் இடமுண்டா? மருமகள் இருந்திருந்தால், "அது இடத்தைப் பொறுத்தது" என்றிருப்பாள்.

வாதம் உச்சத்துக்கு வந்தபோது, வேலிக்கு அப்பால் ஓலை கிழித்துக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி தலையை நீட்டினாள்.

"மரக்கம்பத்தை எண்ணாதையுங்கோ பிள்ளையள். அது நாளைக்கு விழுந்திடும். சரிஞ்சு நிக்கிறதையும் விடுங்கோ. இருட்டிலை அது ஆருக்குத் தெரியப்போகுது? லைற் இருக்கிறதை மட்டும் எண்ணுங்கோ."

பையன் தாளில் ஒன்பதை வெட்டிவிட்டு ஏழு என்று எழுதினான். பின்னர் எல்லாரும் சந்திக்குத் திரும்பிப்போய், முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தோம்.